‘செட்’ என்ற ஒரே சொல்லுக்கு ஆறு வகுப்பு: வில்லிவாக்கத்தில் நான் போகிற மாலை இங்கிலீஷ் வகுப்பு

வேலைக்குப் போய்க்கொண்டே இங்கிலீஷ் கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகிற தூரத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு நடக்கிற வகுப்பு. பெயர்ப்பலகை கிடையாது. ‘டீச்சர் வீட்டு இங்கிலீஷ்’ என்று கேட்டால் அந்தத் தெரு இஸ்திரி வண்டிக்காரரே வழி சொல்வார். திங்கள், புதன், வெள்ளி, மாலை 7.15 முதல் 8.45 வரை. மாதம் 1,200 ரூபாய். மூன்று மாதமாகப் போகிறேன், இன்னும் போவேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். ஏழு வருஷம் டெஸ்பாட்ச், போன வருஷம்தான் அக்கவுண்ட்ஸுக்கு மாற்றினார்கள். மாறி நான்காவது மாதம், புனேயில் இருந்து ஒரு கஸ்டமர் மெயில் அனுப்பினார். 1,86,400 ரூபாயை வரும் திங்கட்கிழமை ‘செட் ஆஃப்’ செய்வோம் என்று எழுதி, கூடவே எங்களுடைய இரண்டு இன்வாய்ஸ் எண்களையும் போட்டிருந்தார். செட் ஆஃப் என்றால் புறப்படுதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படியே மனதில் இருந்தது. பணம் திங்கட்கிழமை அங்கிருந்து புறப்படுகிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பி இரும்பு சப்ளையருக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் வரவில்லை, வரப்போவதும் இல்லை, ஏனென்றால் அவர்கள் எழுதியிருந்தது வேறு: ரிஜெக்ட் ஆன சரக்குக்காக நாங்கள் அவர்களுக்குத் தரவேண்டிய தொகையை, அவர்கள் எங்களுக்குத் தரவேண்டிய பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று. புதன்கிழமை பேங்கில் இருந்து போன் வந்தபோது முதலாளி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த வாரமே நகரின் நடுவில் ஏசி போட்ட ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் 14,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். 45 நாள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார்கள், அதில் ‘செட்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘அமை’ என்று ஒரே ஒரு சொல். போனில் இறக்கி வைத்திருந்த ஆப்பிலும் அதே ‘அமை’தான், போன் மெனுவில் ‘அமைப்புகள்’ என்று வருகிறதே, அந்த அமை. சூரியன் அமைகிறதா, சிமெண்ட் அமைகிறதா, பணம் அமைகிறதா என்று கேட்டேன். ‘யூசேஜ்ல வந்துரும் சார்’ என்றார் பயிற்சியாளர். எனக்கு யூசேஜில்தான் 1,86,400 ரூபாய் போயிருந்தது. பாதியிலேயே நின்றுவிட்டேன்.

டீச்சர் வீட்டு வகுப்பைச் சொன்னது எங்கள் எஸ்டேட்டில் டீக்கடை போட்டிருக்கும் அண்ணன். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் அடுத்து கொரட்டூர், அதற்கடுத்து வில்லிவாக்கம். ஆறேமுக்காலுக்குள் ஷிப்ட் முடித்துக் கிளம்பினால் சரியாகப் போய்ச் சேரலாம். டீச்சர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு பாடமும் எடுத்தவர் என்பதுதான் இந்த வகுப்பின் பெரிய பலம் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

எங்கள் செட்டில் பதினோரு பேர். (பாருங்கள், ‘எங்கள் செட்’ என்று தானாகவே வந்துவிட்டது.) ஒரு கட்டட மேஸ்திரி, வடபழனிப் பக்கம் சினிமா செட் வேலை செய்கிற தச்சர், காலையில் டிபன் கடை நடத்துகிற அக்கா, ஐகோர்ட் வக்கீல் ஒருவரிடம் இருக்கும் குமாஸ்தா, ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா, எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த ஒரு பெண், இப்படி. டீச்சர் ஒரு சொல்லை எடுத்தால் அர்த்தம் சொல்வதில்லை. ‘இந்தச் சொல்லை நீங்க எங்க கேட்டிருக்கீங்க, அதை மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டுப் போர்டில் எழுதிக்கொண்டே போவார். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ‘செட்’ ஆரம்பித்தது. அதைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்த ஆறு வகுப்பைச் சொன்னாலே இந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

முதல் ஆளாக டிபன் கடை அக்கா கை தூக்கினார். ‘செட் தோசை டீச்சர். ரெண்டு தோசை, ஒரு கப் வடகறி.’ பெங்களூரில் மூன்று தோசை வரும் என்றார் ஐ.சி.எஃப். ஐயா. அவருடைய முறை வந்தபோது ‘ட்ரெயின்செட்’ என்றார். தனியாக எஞ்சின் என்று ஒன்று முன்னால் நின்று இழுக்காமல், மோட்டார்களைப் பெட்டிகளுக்கு அடியிலேயே பகிர்ந்து வைத்து, மொத்த வண்டியும் பிரிக்காத ஒரே தொகுப்பாக ஓடுவதற்கு அந்தப் பெயர். 2018-இல் ஐ.சி.எஃப்.பில் செய்த 16 பெட்டி ‘ட்ரெயின் 18’ அப்படிப்பட்டதுதான், அதுதான் அப்புறம் வந்தே பாரத் என்ற பெயரில் 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. இதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுகொண்டார். நம்ம வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில் செய்த வண்டி என்ற பெருமை அவர் முகத்தில் தெரிந்தது, எனக்கும் அது பிடித்திருந்தது.

மேஸ்திரி இரண்டு சொன்னார். கான்கிரீட் செட் ஆவது ஒன்று, செட்பேக் இன்னொன்று. பிளான் அப்ரூவல் வாங்கியவர்களுக்கு இது தெரியும், காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டே ஆகவேண்டிய காலி இடம். தச்சர் சினிமா செட்டைச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், சொன்னார், கூடவே எங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார்: ரம்பத்துப் பல்லுக்குச் செட் கொடுப்பது. ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி லேசாக வளைத்துவிட வேண்டும். அப்போதுதான் அறுக்கிற கோடு தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக விழும், ரம்பம் மரத்துக்குள் இறுகிக்கொள்ளாது. குமாஸ்தா ‘செட் அசைடு’ என்றார். கணிதப் பெண் ஒன்பதாம் வகுப்பு ‘கண மொழி’ பாடத்தை ஞாபகப்படுத்தினார், அங்கே செட் என்றால் கணம், வெற்றுக் கணம், உட்கணம். செட் தேர்வு என்றும் சொன்னார், அது மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது, இந்தச் சொல்லுக்குச் சொந்தமில்லை என்று டீச்சர் அதை மட்டும் அழித்துவிட்டார். பல் செட், நகை செட், மைக் செட், பேண்டு செட், பம்ப் செட், டென்னிஸ் செட், அலாரம் செட் பண்றது என்று போர்டு நிரம்பியது. நான் கடைசியாக ‘செட் ஆஃப்’ சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மணி ஆகிவிட்டது, கூட்டிப் பார்த்தால் 27. இதற்கு ஆறு வகுப்பா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி 1989-இல் 20 தொகுதியாக வந்தபோது அதில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுடையதுதான், வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள் என்றார் டீச்சர். அப்புறம் திருத்தும்போது ‘ரன்’ 645 பொருளோடு அதைத் தாண்டிவிட்டதாம். ‘அவங்க 430 கொடுக்கிறாங்க. நான் உங்களுக்கு ரெண்டு வேர் கொடுக்கிறேன். மிச்சத்த நீங்களே எடுத்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது வகுப்பில் போர்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இங்கிலீஷில் செட் என்பது ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு சொற்கள். ஒன்று பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினை, ‘சிட்’ என்பதோடு பிறந்தது. சிட் என்றால் அமர், செட் என்றால் அமர்த்து. இன்னொன்று லத்தீனில் பின்பற்றுகிற கூட்டத்தைக் குறித்த ஒரு சொல், பிரெஞ்சு வழியாக வந்தது, மதப்பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ என்பதும் அதே குடும்பம். அமர்த்தியது ஒரு பக்கம், கூடியது ஒரு பக்கம் என்று 27-ஐயும் எங்களையே பிரிக்கச் சொன்னார். செட் தோசை, பல் செட், ட்ரெயின்செட், கணம், எங்க செட்டுப் பசங்க எல்லாம் கூடிய பக்கம். சினிமா செட், செட்பேக், செட் அசைடு, ரம்பத்து செட் எல்லாம் அமர்த்திய பக்கம். பம்ப் செட்டில் வாக்குவாதம் வந்தது. பம்பும் மோட்டாரும் சேர்ந்ததுதானே, கூடிய பக்கம்தான் என்று ஐ.சி.எஃப். ஐயா முடித்து வைத்தார்.

அங்கே டீச்சர் சொன்ன ஒன்று என்னை அப்படியே நிமிர்ந்து உட்கார வைத்தது. அமர்–அமர்த்து என்று நாம் தன்வினை, பிறவினை படித்தோமே, அதே ஜோடிகள் இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இருந்து, இப்போது சிலதுதான் மிச்சம். லை–லே என்று குழப்பிக்கொள்கிறோமே, அது கிட–கிடத்து. ரைஸ்–ரெய்ஸ், எழு–எழுப்பு. ஃபால்–ஃபெல், விழு–வீழ்த்து. இரண்டாவதாகச் சொன்ன ஃபெல், மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றைக்கும் புழங்குகிறது. நமக்கு ஆடு–ஆட்டு, ஓடு–ஓட்டு, உருகு–உருக்கு என்று தினமும் நாக்கில் ஓடுகிற விஷயம். லை, லே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்து வருஷம் மெயில் எழுதியிருக்கிறேன். கிட, கிடத்து என்று சொன்ன அடுத்த நிமிஷம் அது தெளிந்துவிட்டது. பெரிய நிலையத்தில் ‘தமிழ்ல யோசிக்காதீங்க’ என்று சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். இங்கே தமிழில் ஒழுங்காக யோசிக்கச் சொல்கிறார்கள். இந்த வகுப்புக்குப் போங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

மூன்றாவது வகுப்புதான் என்னைப் பொறுத்தவரை உச்சம். அமர்த்திய பக்கத்தில் இருந்த செட்டுக்கு ‘அமை’ என்று அகராதிகள் போடுவது பல இடத்தில் ஒட்டவில்லை, அப்படியானால் நம் பேச்சில் இதற்குச் சமமாக உழைக்கிற சொல் எது என்று டீச்சர் கேட்டார். பத்து நிமிஷம் யாருக்கும் வரவில்லை. டிபன் கடை அக்காதான் சொன்னார், ‘வைக்கிறது டீச்சர்’. அவர் உலை வைப்பதை நினைத்துச் சொன்னாராம். டீச்சர் கைதட்டிவிட்டார். அதற்கப்புறம் பாருங்கள்: விலை வைப்பது, கெடு வைப்பது, நிபந்தனை வைப்பது, பொறி வைப்பது, பரீட்சை வைப்பது, தீ வைப்பது, அடியெடுத்து வைப்பது, ஒதுக்கி வைப்பது, மனசு வைப்பது. இத்தனைக்கும் இங்கிலீஷில் செட் வரும். இன்னும் ஆழமாக ஒன்று. சிரிக்க வைத்தான், யோசிக்க வைத்தது என்கிறோமே, அங்கேயும் அவர்கள் செட் போடுவார்கள், என்னை யோசிக்கச் செட் பண்ணியது என்கிற மாதிரி. இரண்டு மொழிக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் பொருளை ஓரிடத்தில் அமர்த்துகிற சொல்லையே எடுத்து விலைக்கும் நெருப்புக்கும் மனசுக்கும் போட்டிருக்கிறார்கள், அங்கேயும் இங்கேயும். அன்று ரயிலில் திரும்பும்போது நோட்டில் இன்னும் பதினொரு ‘வை’ எழுதினேன். எல்லாவற்றுக்கும் செட் வராது. நகையை வைத்துப் பணம் புரட்டியதற்கு வராது, அதற்கு வேறு சொல் உண்டு. ஆனால் எது வரும், எது வராது என்று தேடிப் பார்க்கிற கண் அன்றைக்குக் கிடைத்தது.

‘வை’ வேலை செய்யாத இடங்களையும் டீச்சர் விட்டுவிடவில்லை. சூரியன், சிமெண்ட், தயிர், பருவமழை. இவற்றில் யாரும் எதையும் வைப்பதில்லை, அதுஅது தானாக நடக்கிறது. கான்கிரீட் செட் ஆனதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டார். ‘பிடிச்சிருச்சுன்னு சொல்லுவோம்.’ தயிர் உறைகிறது, சூரியன் மேற்கே இறங்குகிறது, மழை பிடித்துக்கொண்டது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ‘செட்ஸ் இன்’ என்று இங்கிலீஷ் பேப்பர் தலைப்பு போடும், அந்த ‘இன்’ வந்தால் வந்தது சீக்கிரம் போகாது என்று பொருள், சளி பிடிப்பது மாதிரி. மேஸ்திரி சொன்ன கணக்கும் நோட்டில் இருக்கிறது. சாதா போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு முதல் பிடிப்பு 30 நிமிஷத்துக்கு முன்னால் வரக்கூடாது, கடைசிப் பிடிப்பு 600 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது, இது இந்திய தரக் கட்டுப்பாடு. அந்த முதல் 30 நிமிஷம்தான் கலவையைக் கொட்டிச் சமன் பண்ணுவதற்கான அவகாசம், அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் பலம் போய்விடும் என்றார். இங்கிலீஷ் வகுப்பில் எதற்கு இது என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘செட்’ என்றால் இளகியது இறுகி நிலைகொள்வது என்று இதைவிட நன்றாக எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை.

நான்காவது வகுப்பில் தொல்காப்பியம் வந்தது. பள்ளியில் மனப்பாடம் பண்ணி மறந்ததுதான். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் சரியான பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லதிகாரத்தில் வழி சொல்லியிருக்கிறது: கூட வருகிற வினையைப் பார், கூட நிற்கிற இனத்தைப் பார், சொல்லப்படுகிற சார்பைப் பார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் பூப்பது மரம்தான், வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் மருத மரம் நிற்கிறது, இனம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் அணிந்து நிற்கிறவன் மா கொண்டுவா என்றால் குதிரை, சார்பு காட்டிக்கொடுக்கிறது. வினை, இனம், சார்பு. மூன்று சொல், போர்டில் பெரிதாக எழுதினார், ஆறு வகுப்பு முடியும்வரை அழிக்கவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்து, அந்த மெயிலை எடுங்கள் தம்பி என்றார். போனில் இருந்தது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ‘செட் ஆஃப்’ என்பதற்கு அடுத்து ‘அகெய்ன்ஸ்ட்’ என்று ஒரு சொல், அதற்கப்புறம் இன்வாய்ஸ் எண்கள். புறப்படுகிறவன் எதற்கு எதிராகப் புறப்படுவான்? பக்கத்தில் நின்ற இனமே சொல்லியிருக்கிறது, ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை அமர்த்திக் கழிக்கிறார்கள் என்று. எழுதியது கஸ்டமரின் அக்கவுண்ட்ஸ், வந்தது அவர்கள் டெபிட் நோட் (எங்கள் கணக்கில் இவ்வளவு கழிக்கிறோம் என்கிற சீட்டு) போட்டதற்கு அடுத்த வாரம், சார்பும் சொல்லியிருக்கிறது. மெயிலில் எல்லாமே இருந்தது, நான் ஒரு சொல்லை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் படித்திருக்கிறேன். குமாஸ்தா அண்ணன் கூடவே சொன்னார், சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 8 விதி 6 முழுக்க இந்த செட் ஆஃப்தான், வாதி கேட்கிற பணத்தில் தனக்கு வரவேண்டியதைக் கழிக்கச் சொல்லி பிரதிவாதி கேட்பது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவரும் அதை இத்தனை பொறுமையாக எனக்கு விளக்கியதில்லை.

குமாஸ்தா அண்ணன் கொண்டுவந்த செட் அசைடும் முக்கியமானது. பணத்தைச் செட் அசைடு செய்தால் ஒதுக்கிப் பத்திரமாக வைப்பது. கோர்ட் ஒரு உத்தரவைச் செட் அசைடு செய்தால் அந்த உத்தரவு ரத்து, அவ்வளவுதான், அது இனிமேல் இல்லை. எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனவர்கள், அதாவது ஆஜராகாததால் தங்களுக்கு எதிராகத் தீர்ப்பானவர்கள், ஆர்டர் 9 விதி 13-இன் கீழ் போடுகிற மனு அதற்குத்தான். தன்னிடம் வருகிற பல பேர் ‘தீர்ப்பை ஒதுக்கி வெச்சிருக்காங்களாமே, எப்ப சார் எடுப்பாங்க’ என்று கேட்பார்கள் என்றார் அவர். தீர்ப்பை ஒத்திவைப்பதற்கு இங்கிலீஷில் ‘ரிசர்வ்’. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு குடும்பம் ஜெயித்த கேஸுக்குக் கவலைப்பட்டு உட்கார்ந்திருக்க முடியும்.

ஐந்தாவது வகுப்பில் அப், அவுட், பேக், டவுன் எல்லாம் வேகமாகப் போயின. ஆஃப்செட் பிரிண்டிங்குக்கு அந்தப் பெயர் வந்ததே மை நேராகக் காகிதத்தில் படாமல் முதலில் ரப்பர் பிளாங்கெட்டில் இறங்கி, அதிலிருந்து காகிதத்துக்கு மாறுவதால்தான் என்பது மட்டும் எனக்குப் புதிது. ஆறாவது வகுப்பில் அவரவர் வேலையில் இருந்து பத்து வாக்கியம் எழுதவேண்டும். டீச்சர் ஒவ்வொருவர் நோட்டையும் சிவப்பு மையில் திருத்தித் தந்தார்.

சரி, குறைகள். வேகம் குறைவு. மூன்று மாதத்தில் நாங்கள் முழுதாகப் பார்த்தது ஒன்பது சொற்கள்தான். அடுத்த வாரம் இண்டர்வியூ இருக்கிறது, பேசப் பழகவேண்டும் என்கிறவர்களுக்கு இந்த இடம் பயன்படாது. பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு அரை மணிக்கு மேல் இல்லை, உச்சரிப்பை டீச்சர் அதிகம் கவனிப்பதும் இல்லை. சர்டிபிகேட் கிடையாது. ஒரு வகுப்புக்கு வராவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார், பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கொசு கடுமையாக இருக்கிறது, சுருள் கொளுத்தினாலும் கால் பக்கம் விடாது. மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது, சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். பாத்ரூம் கீழ்வீட்டில் ஒன்றுதான். மாடிப்படி குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாட விஷயத்திலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘செட் ஆகல’, ‘செட்டப்பு’ இரண்டையும் நம்ம ஊர்ப் பேச்சு என்று சொல்லி டீச்சர் இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிட்டார். நாம் தினமும் சொல்வது அதுதானே. ‘எனக்கும் அவனுக்கும் செட் ஆகல’, ‘இந்த ஷர்ட் உனக்கு செட் ஆகுது’ என்று பொருந்துவதற்கு நாம் போடுகிற பொருள் இங்கிலீஷ்காரனுக்குப் புரியாது. என் ஆபீஸிலேயே ஒருவர் ‘தி ரேட் இஸ் நாட் செட்டிங் ஃபார் அஸ்’ என்று வெண்டருக்கு மெயில் போட்டார், விலை இன்னும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த வெண்டர் ஒரு வாரம் காத்திருந்தார். அங்கே வரவேண்டியது ‘சூட்’. செட்டப்பு என்றால் நமக்கு ஏதோ தில்லுமுல்லு, அவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரண ஏற்பாடு. இங்கிலீஷ் சொல் தமிழுக்குள் வந்து தனியாக வளர்ந்த பொருளைத்தான் நாம் தெரியாமல் திரும்ப இங்கிலீஷுக்குள் கொண்டுபோகிறோம், அதற்கு ஒரு முழு வகுப்பே வேண்டும். டீச்சரிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த பேட்ச்சில் சேர்ப்பதாகச் சொன்னார்.

யாருக்கு இந்த இடம் சரிவரும் என்றால், மெயில், கான்ட்ராக்ட், நோட்டீஸ் என்று படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதவேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ரொம்பவே சரிவரும். சொந்தமாக அகராதி வேண்டும் என்றால் வாங்கக்கூடத் தேவையில்லை, சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராக வைத்துக் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், டீச்சர் மேஜையில் அதன் பழைய பிரதி ஒன்று காலிகோ பைண்டிங்கில் இருக்கிறது. சொல்லைத் தேடுகிற வேலை வீட்டில், பொருளைப் பிரிக்கிற வேலை வகுப்பில்.

போன மாதம் அதே புனே கஸ்டமரிடம் இருந்து இன்னொரு டெபிட் நோட் வந்தது, 42,000 ரூபாய்க்கு. அதை எந்த இன்வாய்ஸில் கழிக்கப்போகிறீர்கள், ரிஜெக்ட் ஆன சரக்கைத் திருப்பி அனுப்பிய சலான் எங்கே என்று நானே ‘செட் ஆஃப் அகெய்ன்ஸ்ட்’ போட்டுப் பதில் எழுதினேன். சலான் அவர்களிடம் இல்லை. டெபிட் நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதலாளியிடம் மெயிலைக் காட்டினேன், இரண்டு தடவை படித்துவிட்டு, வகுப்பு இருக்கிற நாளில் ஆறரைக்கே கிளம்பிக்கொள் என்றார்.

சேர விரும்புகிறவர்கள் நேரில்தான் போகவேண்டும், போனில் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு பேட்ச்சுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை, இப்போது ஒரு இடம் காலி. வரும் திங்கட்கிழமை ‘ரன்’ தொடங்குகிறது. அதற்கென்று தனியாக ஒரு 200 பக்க நோட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.